யாருடைய செல்லில் அந்தப் புள்ளி?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்ற 78 வயது முதியவர் ஒருவரிலிருந்து தொடங்குகிறேன். அவருக்கு நாள்பட்ட வகை ரத்தப் புற்றுநோய். அவருடைய ரத்தத்திலிருந்தே நோயெதிர்ப்புச் செல்களான டி செல்களைப் பிரித்தெடுத்தார்கள். புற்றுசெல்லைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொள்ளும் கொக்கி ஒன்றை அவற்றில் செயற்கையாகப் பொருத்திப் பெருக்கி, திரும்ப உடலுக்குள் ஏற்றினார்கள். கார்-டி சிகிச்சை என்பது இதுதான். முதல் தவணையில் நோய் அடங்கவில்லை. இரண்டாம் தவணைக்குப் பிறகும் உடனே ஒன்றும் தெரியவில்லை. வாரங்கள் கழித்துக் கடும் காய்ச்சலோடு கார்-டி செல்கள் திடீரெனப் பெருகின; நோய் கரைந்துபோனது.

பெருகிய செல்களின் பிறப்பைத் தேடிப் பார்த்தார்கள். உச்சக்கட்டத்தில், கொல்லும் வகைக் கார்-டி செல்களில் 94 விழுக்காடு ஒரே ஒரு தாய்ச்செல்லின் வாரிசுகள். அந்தத் தாய்ச்செல்லில் ஒரு விபத்து நடந்திருந்தது. கொக்கிக்கான மரபணுவைச் சுமந்துபோன வைரஸ், டெட்2 என்ற மரபணுவின் நடுவே இறங்கி அதைக் கெடுத்துவிட்டது. அதே மரபணுவின் இன்னொரு பிரதியும் முன்பே பிறழ்ந்து வலுவிழந்திருந்தது. 2018இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான இந்த ஆய்வு, டெட்2 முடங்கியதால்தான் அந்தச் செல் கிழடு தட்டாமல் நின்று பெருகியது என்று காட்டியது.

டெட்2 செய்யும் வேலை, டி.என்.ஏ.வின் மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளை அழிப்பது. அழிப்பான் பழுதானது இந்த நோயாளிக்கு நன்மையாய் முடிந்தது. ஆனால் அதே ஆண்டுகளில் உலகின் வேறு மருத்துவமனைகளில், நோயெதிர்ப்பைத் தூண்டுவதற்காக மெத்தில் குறிகளை அழிக்கும் மருந்தைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் அழியாதது உதவுகிறது, இன்னோரிடத்தில் அழிப்பது உதவுகிறது. குறி எந்தச் செல்லின் மேல் இருக்கிறது என்று கேட்டால்தான் இந்த முரண் அவிழும். புற்றுநோய் எதிர்ப்பின் எபிஜெனடிக்ஸ் பற்றிக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் குவிந்திருக்கும் ஆய்வுகளை எல்லாம் ஒரு கேள்வியில் கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன்: யாருடைய செல்லில்? இத்துறையின் கணினிவழி முறைகளில் பெரும்பாலானவை பிறந்ததும் இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான்.

எழுத்தும் புள்ளியும்

எபிஜெனடிக்ஸ் என்ற சொல்லை 1942இல் ஆக்கியவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன். தோல் செல்லிலும் ஈரல் செல்லிலும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது; ஆனாலும் தோல் தோலாகவும் ஈரல் ஈரலாகவும் எப்படி நிலைக்கின்றன என்பதே அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த கேள்வி.

தமிழ் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்வது எளிது. ‘க’வின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் ‘க்’. எழுத்தின் உருவம் அப்படியே இருக்க, உள்ளிருந்த அகரம் மட்டும் அடங்கிவிடுகிறது. டி.என்.ஏ.வில் சைட்டோசின் என்னும் எழுத்தின் மேல் மெத்தில் என்னும் சிறு துணுக்கு ஒட்டிக்கொள்வதும் ஏறத்தாழ இப்படித்தான். ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இந்தப் புள்ளிகள் அடர்ந்துவிட்டால் அந்த மரபணு பேச்சடங்கிப்போகும். சைட்டோசினை அடுத்து குவானின் வரும் இடங்களில்தான் பெரும்பாலும் புள்ளி விழும். மனித மரபுத்தொகுதியில் அப்படிப்பட்ட இடங்கள் சுமார் 2.8 கோடி. புள்ளியைப் புதிதாக வைக்க ஒரு வகை நொதிகள் (டி.என்.எம்.டி.3ஏ, 3பி), செல் இரண்டாகப் பிரியும்போது பழைய புள்ளிகளைப் பார்த்துப் படியெடுக்க இன்னொன்று (டி.என்.எம்.டி.1), அழிக்க டெட் குடும்பம். டெட்1 மெத்தில் குறியை மாற்றும் நொதி என்பதை 2009இல் காட்டிய குழுவை நடத்தியவர், இந்தியாவில் பிறந்த அஞ்சனா ராவ்.

பழைய ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணி முனை ஓலையைத் துளைத்துவிடும். படிப்பவர்தான் இடம் பார்த்து எது ‘க’, எது ‘க்’ என்று முடிவுசெய்ய வேண்டும். ஆய்வகங்களில் நடக்கும் வழக்கமான டி.என்.ஏ. வாசிப்பும் ஓலைச்சுவடி போன்றதுதான். எழுத்து தெரியும், புள்ளி தெரியாது.

புள்ளி மட்டுமே குறி இல்லை. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளைச் சுற்றிக் கிடக்கிறது; ஓர் உருண்டைக்குச் சுமார் 147 எழுத்து நீளம். அந்த உருண்டைகளின் வால்களில் விழும் வேதிக்குறிகள் இழையை இறுக்கவோ தளர்த்தவோ செய்கின்றன. இ.இசட்.எச்.2 என்னும் நொதி வைக்கும் குறி இறுக்கும் வகை. இழை தளர்ந்து திறந்திருக்கும் இடத்தில்தான் மரபணு வாசிக்கப்படும்.

புற்றுசெல் எதை மூடி மறைக்கிறது

1983இல் ஆண்ட்ரூ ஃபெயின்பெர்க்கும் பெர்ட் வோகல்ஸ்டைனும் மனிதப் புற்றுத்திசுவில் மெத்தில் புள்ளிகள் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். பின்னால் வந்தவர்கள், கட்டியை அடக்கும் மரபணுக்களின் வாசலில் மட்டும் புள்ளிகள் அடர்ந்திருப்பதைக் கண்டார்கள். ஊர் முழுக்க விளக்கெரிகிறது, சில வீடுகள் மட்டும் இருண்டு கிடக்கின்றன. நோயெதிர்ப்பின் கண்ணோடு பார்த்தால், அந்த இருண்ட வீடுகளில் சில மிக முக்கியமானவை.

ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களின் துண்டுகளை வெளியே எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். எம்.எச்.சி. முதல் வகை மூலக்கூறுகள் அதற்கான கை. டி செல் அந்தக் கையில் இருப்பதைப் பார்த்துத்தான் ‘இது நம்மவன், இது கெட்டுப்போனவன்’ என்று பிரிக்கிறது. புற்றுசெல் கையை உள்ளே இழுத்துக்கொண்டால் டி செல்லுக்குக் குருட்டு இரவு. இழுத்துக்கொள்ள இரண்டு வழிகள். ஒன்று, அந்த மரபணுவையே இழப்பது, அதற்கு மருந்தில்லை. இன்னொன்று, மரபணுவை வைத்துக்கொண்டே இறுக்கிக் கட்டுவது. இ.இசட்.எச்.2 உறுப்பாக இருக்கும் புரதக்கூட்டம் இந்த இரண்டாம் வேலையைச் செய்கிறது என்பதை மெல்போர்னில் மார்க் டாசனின் குழு 2019இல் காட்டியது. கட்டியதை அவிழ்க்கலாம் என்பதால் இந்த வேறுபாடு நோயாளிக்கு உயிர்ப் பிரச்சினை.

டி செல்லை வரவழைக்கும் வாசனை போன்ற புரதங்கள் உண்டு, சி.எக்ஸ்.சி.எல்.9, 10 அவற்றில் முதன்மையானவை. சூலகப் புற்றில் இவை இரண்டும் ஹிஸ்டோன் குறியாலும் மெத்தில் புள்ளியாலும் சேர்த்தே அடக்கப்படுவதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வெய்பிங் ஸோவின் குழு 2015இல் கண்டது. அடக்கியதை எலிகளில் நீக்கியபோது டி செல்கள் கட்டிக்குள் வந்தன.

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு அடுத்து வருவது. நம் டி.என்.ஏ.வில் சுமார் 8 விழுக்காடு பழங்காலத்து ரெட்ரோவைரஸ்களின் எச்சம். முன்னோர்களின் கருவணுக்களில் புகுந்து தங்கி, தலைமுறை தலைமுறையாக நம்மோடு வரும் சரக்கு அது. மெத்தில் புள்ளிகள் அவற்றின் வாயைக் கட்டி வைத்திருக்கின்றன. புள்ளியை அழிக்கும் மருந்தைப் புற்றுசெல்லுக்குக் கொடுத்தால், தூங்கிய எச்சங்கள் விழித்து இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை உண்டாக்குகின்றன. வைரஸ் நுழைந்துவிட்டதைக் கண்டறிய எம்.டி.ஏ.5 என்ற காவல்புரதம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. அது இந்த ஆர்.என்.ஏ.வைப் பார்த்து, தொற்று வந்துவிட்டதென்று மணியடிக்கிறது. செல் இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது, எதிர்ப்பு கூடுகிறது. வைரஸே இல்லாத வைரஸ் காய்ச்சல்! டொரோன்டோவில் டேனியல் டி கார்வாலோவின் குழுவும் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஸ்டீபன் பேலினின் குழுவும் 2015இல் ‘செல்’ இதழில் தனித்தனியே இதை வெளியிட்டன. ஹிஸ்டோன் குறியை அழிக்கும் எல்.எஸ்.டி.1 நொதியை முடக்கினாலும் இதே மணி ஒலிக்கும் என்று 2018இல் தெரிந்தது.

அப்படியானால் புள்ளி குறைந்த கட்டியெல்லாம் எதிர்ப்புக்கு எளிதில் பிடிபட வேண்டும். நடப்பது அதுவல்ல. பிறழ்வுகளும் குரோமோசோம் சிதைவும் மிகுந்த கட்டிகளில், மரபுத்தொகுதி முழுக்க மெத்தில் குறைந்திருப்பது எதிர்ப்பு மரபணுக்களின் அடக்கத்தோடும் சிகிச்சைக்கு இணங்காமையோடும் சேர்ந்து போகிறது என்று 2019இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. மருந்தால் சில நாளில் அழிவதும், கட்டி பல ஆண்டுகளாகப் பிரிந்து பிரிந்து இழப்பதும் ஒன்றல்ல. மெதுவாக இழந்த கட்டிக்கு, மணியோசைக்குப் பழகிப்போய் வேறு பூட்டுகளைப் போட்டுக்கொள்ள நேரம் கிடைத்தது. என் வாசிப்பில் இந்த முரண்பாட்டுக்கு இதுவே பொருத்தமான விளக்கம்.

களைத்த டி செல்லின் தழும்பு

டி செல்லின் பக்கம் வருவோம். ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது, டி செல்லுக்குள் இருக்கும் தடைகளைக் கண்டு அவற்றை விடுவிக்க வழி காட்டியதற்காக. அத்தகைய தடைநீக்கி மருந்துகளில் ஐபிலிமுமாப் 2011இலும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பரவிய தோல் புற்றோடு வந்தவர்கள் சிலர் ஆண்டுக்கணக்கில் நலமாக இருக்கிறார்கள். பலருக்குப் பயனில்லை. ஏன்?

எதிரி விலகாமல் நின்றுகொண்டே இருந்தால் டி செல் களைத்துவிடும். களைப்பு என்றால் வெறும் சோர்வில்லை, செல்லின் டி.என்.ஏ. திறப்பும் மூடலும் வேறொரு வடிவத்துக்குப் போய் அங்கேயே உறைந்துவிடுகின்றன. 2016இல் ‘சயன்ஸ்’ இதழில் அடுத்தடுத்து வந்த இரு ஆய்வுகள், களைத்த டி செல்லுக்கென்று தனித்த திறப்பு வடிவம் உண்டென்றும், தடைநீக்கி மருந்து கொடுத்தால் செல் சற்று நேரம் எழுந்து வேலை செய்தாலும் அந்த வடிவம் பெரிதாக மாறுவதில்லை என்றும் எலிகளில் காட்டின. மறு ஆண்டு ஆண்ட்ரியா ஷீடிங்கரின் குழு இன்னொன்றைச் சேர்த்தது: கட்டிக்குள் போன டி செல் முதலில் மீட்கக்கூடிய நிலையில் இருக்கிறது, பிறகு மீட்க முடியாத நிலைக்குப் பூட்டிக்கொள்கிறது. அதே 2017இல் மெம்பிஸின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் பென் யங்பிளட்டின் குழு, பூட்டுவதில் டி.என்.எம்.டி.3ஏ வைக்கும் புதுப் புள்ளிகளுக்குப் பங்கிருப்பதைக் கண்டது. அந்த நொதி இல்லாத எலிகளின் டி செல்கள் தடைநீக்கிக்கு நன்றாக இணங்கின.

மனிதரில் இதற்கு ஒரு தூய சோதனை இயற்கையாகவே அமைந்தது. ஹெப்படைட்டிஸ் சி வைரஸை இப்போது மாத்திரைகளாலேயே முழுதும் ஒழித்துவிடலாம். ஆண்டுக்கணக்கில் அந்த வைரஸோடு மல்லுக்கட்டிய டி செல்கள், எதிரி ஒழிந்த பிறகு தேறுகின்றனவா? 2021இல் வந்த ஆய்வுகளின் விடை: பார்வைக்குத் தேறினாலும் டி.என்.ஏ. திறப்பில் களைப்பின் தழும்பு அப்படியே நிற்கிறது.

தடைநீக்கி பலித்த நோயாளியிடம் வேலை செய்தது யார், பழைய செல்களா புதியவையா என்ற கேள்விக்கும் இங்கிருந்தே விடை பிறந்தது. ஒவ்வொரு டி செல்லும் தன் ஏற்பியின் மரபணு வரிசையைப் பெயர்ச்சீட்டு போலச் சுமந்திருக்கிறது. வாரிசுகளுக்கும் அதே சீட்டு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2019இல் தோல் புற்றுநோயாளிகளின் கட்டியிலிருந்து சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த செல்களின் சீட்டுகளை ஒப்பிட்டார்கள். பின்னால் கட்டிக்குள் பெருகி நின்றவற்றின் சீட்டுகள் பெரும்பாலும் முன்பு அங்கே காணப்படாதவை. தழும்பு விழுந்தவை எழவில்லை, புதியவை வந்து சேர்ந்திருந்தன.

இன்னொரு தரப்பும் உண்டு. எதிர்ப்பை அடக்கி வைக்கும் ஒழுங்குறுத்தும் டி செல்களுக்கு ஃபாக்ஸ்பி3 மரபணுவே உயிர்நாடி. 2025 நோபல் பரிசு மேரி புருன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் கிடைத்தது இந்தச் செல்களுக்காகத்தான். உண்மையான ஒழுங்குறுத்தும் செல்லில் அந்த மரபணுவின் ஒரு குறிப்பிட்ட பகுதி புள்ளியின்றித் திறந்து கிடக்கும். மற்ற டி செல்களில் புள்ளி நிறைந்திருக்கும். புள்ளியழிக்கும் மருந்து இங்கே விழுந்தால் எதிர்ப்பை அடக்கும் பக்கம் வலுப்பெறவும் கூடும்.

மூளைக் கட்டிகளில் ஒரு வகையைச் சொல்லாமல் நகர முடியாது. ஐ.டி.எச்.1 மரபணு பிறழ்ந்த கட்டி, ஒரு வகை ஹைட்ராக்ஸிகுளூட்டரேட்டைக் குவிக்கிறது. அது டெட் நொதிகளை முடக்க, கட்டியில் புள்ளிகள் மேலும் மேலும் அடர்கின்றன. கட்டியிலிருந்து கசியும் அதே பொருளைப் பக்கத்தில் வரும் டி செல்களும் உறிஞ்சிக்கொண்டு செயலிழப்பதை 2018இல் கண்டறிந்தார்கள். ஒரே மூலக்கூறு, இரு தரப்பிலும் வேலை.

மருந்து தரம் பிரிப்பதில்லை

அசாசிட்டிடின் 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவில் உருவான பழைய மருந்து. பீட்டர் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் 1980இல் அதை எலிச் செல்களில் இட்டபோது மெத்தில் குறைந்தது. செல்கள் தம் அடையாளத்தையே மாற்றித் தசையாகின. 2004இல் அந்த மருந்து எலும்பு மஜ்ஜைக் கோளாறு ஒன்றுக்கு அமெரிக்க அனுமதி பெற்றது. அது செயல்படும் விதத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும். செல் பிரியும்போது புது டி.என்.ஏ. இழையில் சைட்டோசினுக்குப் பதிலாக இது போய் உட்காரும். படியெடுக்க வரும் டி.என்.எம்.டி.1 அதில் ஒட்டிச் சிக்கிக்கொள்ளும். படியெடுப்பவர் இல்லாததால் ஒவ்வொரு பிரிவிலும் புள்ளிகள் கரைந்துகொண்டே போகும். பிரியாத செல்லில் மருந்துக்கு வேலையில்லை. புற்றுசெல் பிரிகிறது, போருக்கு எழுந்த டி செல்லும் பிரிகிறது. மருந்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

இவ்வகை மருந்துகளின் சோதனை முடிவுகள் ஏன் இப்படிச் சிதறுகின்றன என்பதற்கு இதுவே பெருங்காரணம் என்பது என் கணிப்பு. சீனாவில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா நோயாளிகளிடம் அசாசிட்டிடினின் உடன்பிறப்பான டெசிட்டபினைக் குறைந்த அளவில் கேம்ரெலிசுமாப் என்ற தடைநீக்கியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். தடைநீக்கி மட்டும் பெற்றவர்களில் 32 விழுக்காட்டினருக்கும், இரண்டும் பெற்றவர்களில் 71 விழுக்காட்டினருக்கும் நோய் முழுதாக மறைந்தது; 2019இல் வெளியான முடிவு இது. அதே ஆண்டில் வெளியான இன்னொரு சோதனையில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு அசாசிட்டிடின் மாத்திரையைப் பெம்ப்ரோலிசுமாபோடு சேர்த்தபோது பயன் கூடவில்லை. வயிற்றுத் தொல்லைதான் கூடியது. ஹாட்ஜ்கின் கட்டியில் புற்றுசெல்கள் மிகச் சிலவே, மீதியெல்லாம் எதிர்ப்புச் செல்களின் கூட்டம். நுரையீரல் கட்டி வேறு நிலம். ஒரே மருந்து வெவ்வேறு கூட்டத்தில் வெவ்வேறு ஆட்களின் புள்ளிகளை அழித்திருக்கிறது.

டெட்2 பழுதை வேண்டுமென்றே உண்டாக்கினால் கார்-டி செல்கள் எல்லோருக்கும் அந்த முதியவரின் செல்களைப் போல உழைக்குமா? 2023இல் மிஷேல் சாடலெய்னின் குழு எலிகளில் செய்து பார்த்து எச்சரித்தது: அப்படிப்பட்ட செல்கள் சில சூழலில் கட்டுமீறிப் பெருகுகின்றன. காக்க வந்தவரே கட்டியாகும் ஆபத்து அது.

கணக்கு தொடங்கும் இடம்

புள்ளியைப் படிக்கும் வழி 1992இல் பிறந்தது. டி.என்.ஏ.வைப் பைசல்ஃபைட் உப்பில் ஊறவைத்தால் புள்ளியற்ற சைட்டோசின் வேறெழுத்தாக மாறிவிடும், புள்ளியுள்ளது மாறாது. பிறகு வாசித்தால் எது மாறாமல் நின்றதோ அங்கே புள்ளி. 2011 முதல் நாலரை லட்சம் இடங்களை ஒரே சில்லில் (சிப்) அளக்க முடிந்தது, பிறகு எட்டரை லட்சம். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விழுக்காடு வரும். அந்த விழுக்காடு என்பது கட்டித் துண்டில் இருந்த எல்லோருடைய சராசரி: புற்றுசெல், டி செல், ரத்தக்குழாய், நார்த்திசு எல்லாம் கலந்து அரைத்த மாவு.

ஓர் எளிய கணக்கைச் செய்து பார்ப்போம். ஓரிடத்தில் புற்றுசெல்களில் 90 விழுக்காடு புள்ளி, டி செல்களில் 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கட்டியில் இவ்விரண்டு மட்டுமே உள்ளன. சில்லு 70 என்று காட்டுகிறது. அப்படியென்றால் கலவையில் முக்கால் பங்கு புற்றுசெல், கால் பங்கு டி செல். சிகிச்சைக்குப் பின் அதே இடம் 60 என்று காட்டுகிறது. என்ன நடந்தது? புற்றுசெல்லின் பங்கு 75லிருந்து 62.5க்கு இறங்கி, டி செல்கள் கூடியிருக்கலாம். யாருடைய புள்ளியும் மாறியிருக்க வேண்டியதில்லை. அல்லது பங்கு அப்படியே இருக்க, புற்றுசெல்லில் புள்ளி 90லிருந்து சுமார் 77க்கு இறங்கியிருக்கலாம். முதலாவது டி செல்களின் வரவு. இரண்டாவது மருந்தின் நேரடி வேலை. சில்லின் எண் இரண்டுக்கும் ஒன்றுதான். எத்தனையோ கட்டுரைகளில் ‘சிகிச்சையால் மெத்தில் மாறியது’ என்று படித்திருக்கிறேன். மாறியது ஆள்தொகையா, ஆளா என்று அவற்றில் பல கேட்பதே இல்லை. இதை ஒரு குறை என்று மட்டும் சொல்லி விட எனக்கு மனமில்லை. அந்த எண்ணை நம்பி அடுத்த நோயாளிக்கு மருந்து எழுதப்படும்.

ஓரிடம் போதாது, ஆனால் சில நூறு இடங்களை ஒருசேரப் பார்த்தால் புதிர் அவிழும். ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் தனித்த புள்ளிக்கோலம் இருப்பதால், தெரிந்த கோலங்களை எந்த விகிதத்தில் கலந்தால் கையிலுள்ள கலவை கிடைக்கும் என்று சமன்பாடுகளைத் தீர்க்கலாம். ஆண்ட்ரஸ் ஹவுஸ்மன் 2012இல் ரத்தத்துக்கு இதைச் செய்தார். இன்று கட்டிகளுக்கும் இதே வழியில் மென்பொருள்கள் உள்ளன. இஸ்ரேலின் ஆய்வாளர்கள் 2023இல் 39 வகைச் செல்களைத் தனித்தனியே பிரித்தெடுத்து, 205 நலமான மாதிரிகளிலிருந்து கோலங்களின் அட்டவணை ஒன்றைத் தந்தார்கள்.

எல்லாமே தெரிந்த கோலம் எவ்வளவு நம்பகமானது என்பதில் நிற்கிறது. ரத்தக் கலவையைப் பிரிக்க உலகெங்கும் ஆண்டுக்கணக்கில் பயன்பட்ட அடிப்படைத் தொகுப்பு 2012இல் வெளியானது. அது ஸ்வீடனைச் சேர்ந்த நலமான ஆறு ஆண்களின் ரத்தம். ஆறே பேர். பெண்ணில்லை, வேறு கண்டத்தவர் இல்லை. பின்னால் விரிந்த தொகுப்புகள் வந்துவிட்டன. ஆனாலும் அந்த ஆறு பேரின் கோலத்தை அளவுகோலாக வைத்துக் கணித்த முடிவுகள் இன்னும் மேற்கோள்களில் உலவுகின்றன.

கலவையைப் பிரிப்பதைவிடக் கலக்காமல் பார்ப்பது மேலல்லவா? 2013இல் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த அட்டாக்-சீக் அதற்கு வழி திறந்தது. டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் நொதி ஒன்றைச் செல் கருவுக்குள் விட்டால், இழை எங்கே திறந்திருக்கிறதோ அங்கே மட்டும் வெட்டும். வெட்டிய இடங்களை வாசித்தால் திறப்பின் வரைபடம் கிடைக்கும். இரண்டே ஆண்டில் ஒற்றைச் செல்லிலேயே செய்தார்கள். 2019இல் ரத்தத்திலும் தோல் கட்டியிலுமாக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட செல்களை இப்படிப் படித்தார்கள்.

ஆனால் ஒற்றைச் செல்லின் தரவை ஒருமுறை திறந்து பார்த்தவருக்குத் தெரியும்: அட்டவணை முழுக்கப் பூஜ்ஜியம். ஒரு செல்லில் ஓரிடத்துக்கு இரண்டே பிரதிகள். உண்மையில் திறந்திருக்கும் இடங்களில் நூற்றுக்கு ஒன்று முதல் பத்து வரைதான் கையில் சிக்கும். ஒரு பூஜ்ஜியம் ‘மூடியிருந்தது’ என்பதா, ‘வெட்டு விழவில்லை’ என்பதா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே ஒத்த செல்களைத் தொகுத்து அக்கம்பக்கத்தாரின் சாட்சியை எடுத்துக்கொள்கின்றன மென்பொருள்கள். தொகுக்கும்போது அரிய செல் பெரிய கூட்டத்தில் கரைந்துவிடுகிறது. 94 விழுக்காட்டுக்குப் பெருகுவதற்கு முன்பு, அந்த முதியவரின் ஒற்றைச் செல்லை எந்தத் தொகுப்பும் பிடித்திருக்காது.

எண்ணிக்கை தரும் மயக்கமும் உண்டு. எட்டரை லட்சம் இடங்களை வழக்கமான ஐந்து விழுக்காட்டுப் பிழை வரம்போடு சோதித்தால், எந்த மாற்றமும் இல்லாதபோதும் 42,500 இடங்கள் ‘மாறியவை’ என்று வெளியே வரும். இதைத் திருத்தும் முறைகளை எல்லோரும் கற்றிருக்கிறார்கள். திருத்த முடியாதது இன்னொன்று: சிகிச்சைக்கு முந்தைய மாதிரிகளை ஒரு வாரமும் பிந்தையவற்றை வேறொரு வாரமும் ஓட்டியிருந்தால், வாரத்தின் வேறுபாடும் சிகிச்சையின் வேறுபாடும் ஒன்றோடொன்று பின்னிவிடும். எந்தப் புள்ளியியலும் பிறகு அதைப் பிரிக்காது. மாதிரிகளைக் கலைத்து அடுக்குவது ஆய்வகத்தில் பத்து நிமிட வேலை.

ஒரு வெற்றியையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 2018இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் குழுவினர் 2,801 மாதிரிகளின் மெத்தில் கோலங்களைக் கொண்டு மூளைக் கட்டிகளை 82 வகைகளாகப் பிரிக்கும் கணினிமுறையை உருவாக்கினார்கள். நுண்ணோக்கியில் செய்த முடிவை அது பல நோயாளிகளுக்குத் திருத்தியது. கட்டி எந்தச் செல்லிலிருந்து பிறந்தது என்பது உறுதியான, மாறாத குறி. அங்கே கேட்டது ஒரே தரப்பைப் பற்றிய கேள்வி. ‘இந்த நோயாளிக்குத் தடைநீக்கி பலிக்குமா’ என்பது இரு தரப்பைப் பற்றிய, நாளுக்கு நாள் நகரும் கேள்வி. சில பத்து நோயாளிகளையும் லட்சக்கணக்கான இடங்களையும் வைத்து அதற்குக் கணிப்பான் செய்பவர்கள், வேறொரு மருத்துவமனையின் நோயாளிகளிடம் அதே கணிப்பானைச் சோதித்துக் காட்டும் வரை நான் நம்பத் தயங்குவேன்.

ஆழ்கற்றல் மாதிரிகளைப் பற்றிப் பெரிய நம்பிக்கை பேசப்படுகிறது. டீப்மைண்ட் 2021இல் வெளியிட்ட என்ஃபார்மர், சுமார் இரண்டு லட்சம் எழுத்து நீளத்தை ஒருசேரப் படித்து, எந்த வகைச் செல்லில் எந்த இடம் திறக்கும் என்று கணிக்கிறது. ஓலைச்சுவடியைப் படிக்கும் புலவரைப் போல, சுற்றியுள்ள எழுத்துகளை வைத்துப் புள்ளி எங்கே இருக்க வேண்டுமென்று ஊகிக்கும் இயந்திரம். ஒரு பிறழ்வு எந்த மரபணுவைத் தொடும் என்று அறிய இது அருமையான கருவி. ஆனால் களைத்த டி செல்லின் தழும்பு எழுத்தில் இல்லை. களைத்த செல்லிலும் களைக்காத செல்லிலும் எழுத்து ஒன்றே. வேறுபட்டது அவை வாழ்ந்த வாழ்க்கை. அதை ஊகிக்க முடியாது, அளந்துதான் அறிய வேண்டும்.

இங்கே என்ன இருக்கிறது

ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2025 பிப்ரவரியில் பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுப்பை வெளியிட்டது. நாடெங்கிலுமிருந்து 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசுக்களில், புரதம் ஆக்கும் பகுதிகளை வாசித்த தொகுப்பு அது. ஐ.ஐ.டி. பம்பாயில் பிறந்து, டாட்டா நினைவு மருத்துவமனையில் சோதிக்கப்பட்ட நெக்ஸ்கார்19, இந்தியாவின் முதல் கார்-டி சிகிச்சையாக 2023இல் அனுமதி பெற்றது. இரண்டும் மனம் நிறையும் செய்திகள். முதலாவது எழுத்தின் தொகுப்பு. புள்ளி அதில் இல்லை. இரண்டாவதில் நோயாளிக்குள் ஏற்றப்படும் டி செல்கள் எத்தகைய புள்ளிக்கோலத்தோடு போகின்றன என்பதே நாளை அவற்றின் ஆயுளைத் தீர்மானிக்கும்.

புகையிலை ரத்தச் செல்களின் புள்ளியை மாற்றும், ஏ.எச்.ஆர்.ஆர். என்ற மரபணுவில் ஓரிடத்தின் மெத்தில் அளவைப் பார்த்தே ஒருவர் புகைப்பவரா என்று சொல்லிவிடலாம். நாட்பட்ட தொற்று மாற்றும், வயது மாற்றும். வாய்ப்புற்று மிகுந்த ஒரு நாட்டில், ஸ்வீடன் ஆண்கள் ஆறு பேரின் ரத்தத்தை அளவுகோலாக வைத்து டி செல்லை எண்ணுவது பிழையில் முடியும். இங்குள்ள நலமான ஆண்கள், பெண்கள், வெவ்வேறு வயதினர் சில பத்துப் பேரின் ரத்தத்திலிருந்து செல்களை வகைவகையாகப் பிரித்துப் புள்ளிக்கோலம் எடுப்பது, ஒரு நடுத்தர ஆய்வகத்தின் ஓரிரு ஆண்டு வேலை.

கட்டிகளுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் புதைத்த திசுவில் ஆர்.என்.ஏ. சிதைந்துபோகும், மெத்தில் புள்ளி நின்றுகொண்டிருக்கும், சில்லால் அதைப் படிக்கவும் முடியும். பெரிய மருத்துவமனை ஒவ்வொன்றின் நோயியல் துறையிலும் அப்படிப்பட்ட மெழுகுக் கட்டிகள் வரிசை எண்ணோடு அலமாரியில் அடுக்கியிருக்கின்றன. எந்த எண்ணுக்குரியவர் என்ன மருந்து பெற்றார், பிறகு என்ன ஆனார் என்ற குறிப்பு பக்கத்துக் கட்டடத்தின் கோப்பில் கிடக்கிறது.